கிணற்றுக்குள் இறக்கிய மெசின்

மண்ணெண்ணெய் நல்ல எண்ணெய்தான், விதானையார். அதற்குக் குளிர் மட்டும் ஒத்துவராது. பெற்றோல் கண்ட இடத்தில் ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய்க்குக் கொஞ்சம் சூடு காட்ட வேண்டும், கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அதைக்கொண்டு எந்த மெசினையும் ஓட்டலாம். பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

காலையில் எல்லோருக்கும் முன்னால் நான் குறுக்கே நின்றது உங்களுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஊரைவிட்டு ஓடிவந்து இந்தத் தென்மராட்சிப் பள்ளிக்கூடத்தில் இத்தனை குடும்பம் இருக்கிறோம். ஆளாளுக்கு அள்ளிக் கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது. இறைத்துச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். இறைப்பு மெசினும் கிடைத்துவிட்டது. குழாய் கட்டையாக இருக்கிறது என்று மெசினையே கிணற்றுக்குள் இறக்கப் பார்த்தார்கள். நான் விடவில்லை. "மாஸ்டர், காரணத்தைச் சொல்லுங்கோவன்" என்று கேட்டீர்கள். பின்னேரம் சொல்கிறேன் என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பழக்கம் எனக்கு உண்டு.

காரணம் பஞ்சலிங்கம். என் மனைவி செல்வநாயகியின் தம்பி. ஆவணியில் எங்கள் இணுவில் வளவுக் கிணற்றுக்குள் அவன் செத்தபோது கிராம சேவகர் என்ற முறையில் நீங்கள்தான் வந்து பார்த்து, மெசின் புகையில் மூச்சடைத்த விபத்து என்று எழுதினீர்கள். நீங்கள் எழுதியதில் குறை சொல்ல மாட்டேன். மெசின் புகைதான். மூச்சுத்தான் அடைத்தது. விபத்து என்ற சொல்லைப் பற்றித்தான் நான் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

நான் கோபக்காரன் இல்லை. இவ்வளவு காலம் பௌதிகம் படிப்பித்திருக்கிறேன், திருநெல்வேலி ரியூட்டரியில் கேட்டுப் பாருங்கள், ஒரு பிள்ளைக்கும் கை நீட்டியதில்லை. பஞ்சலிங்கத்தோடும் எனக்கு எந்த மனத்தாங்கலும் இருக்கவில்லை. அவனை வெறுக்கிறது கஷ்டம். என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் காற்றுப் போன சில்லோடுதான் கொண்டுவந்து விடுவான். கேட்டால் "காத்துத்தானே அத்தான், அதுக்கு இன்னும் தடை போடேல்லை" என்பான். தோட்டத்தில் மாடு மாதிரி வேலை செய்வான். குணலட்சுமி, என் மகள், மாமா என்றால் உயிரை விடுவாள். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

வீடு, கிணறு, வெங்காயத் தோட்டம் எல்லாம் செல்வநாயகியின் சீதனம். மாமி நல்லம்மாவும் பஞ்சலிங்கமும் அதே வளவில் பின்வீட்டில் இருந்தார்கள். சீதன வீட்டில் குடியிருக்கிற மனிதனுக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் லேசில் வராது, விதானையார். அவர்கள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் நானும் ஒரு சொல் திருப்பிச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் "ஓம்" என்று சொல்லிச் சொல்லி, நான் எதற்கும் மறுப்புச் சொல்லாத தங்கமான மருமகன் என்று ஊரில் பெயரெடுத்துவிட்டேன். அந்தப் பெயரை விட்டு இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

முதலில் நான் செய்கிற தகரத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒழுங்காகச் சொன்னால்தான் விளங்கும்.

மண்ணெண்ணெயில் ஓடுகிற மெசினைப் பெற்றோல் ஊற்றித்தான் எழுப்ப வேண்டும். சூடேறும்வரை பெற்றோலில் ஓடவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பெற்றோலோ மருந்துப் போத்தலில் வாங்குகிற சாமான். ஆகவே எவ்வளவு கெதியாகச் சூடேற்றுகிறோமோ அவ்வளவுக்கு மிச்சம். ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் என் மனைவியின் அண்ணன் கதிரவேலு கனடாவிலிருந்து புதினம் சொல்லி அனுப்பியிருந்தான். அங்கே பனியில் ஓடுகிற ஸ்னோமொபைல் என்ற வண்டி திருத்துகிற கராஜில் அவனுக்கு வேலை. கடுங்குளிரில் காபரேற்றருக்குள் ஐஸ் கட்டி வண்டி இடையில் நின்றுவிடுமாம். நடுப்பனியில் நின்றால் ஆள் விறைத்துச் சாவான் என்று, காபரேற்றரைச் சுற்றிச் சூடு காட்ட ஒரு சாமான் பூட்டுகிறார்களாம்.

பஞ்சலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணை அங்கை ஐஸ் கட்டுதெண்டு சூடு காட்டுறார். நாங்கள் இங்கை வேர்த்து வழிய வழியச் சூடு காட்டுறம். காபரேற்றராப் பிறந்தால் எங்கையும் நிம்மதி இல்லை அத்தான்."

எனக்கு அன்றிரவு முழுக்க அதே யோசனை. அடுத்த நாள் ஒரு பால்மாத் தகரப் பேணியை வெட்டிக் காபரேற்றரைச் சுற்றி ஒரு சட்டை மாதிரிச் செய்தேன். மெசினின் புகையை அதற்குள்ளால் விட்டு வெளியேற்றினால், போகிற புகையின் சூடே காபரேற்றருக்குப் போதும். என் மோட்டார் சைக்கிள் சில துளிப் பெற்றோலில் எழும்பி உடனேயே மண்ணெண்ணெய் குடிக்கத் தொடங்கியது. ஊரெல்லாம் வந்து கேட்டார்கள். 'மாஸ்டரின் தகரம்' என்று பெயரும் வந்தது. நீங்களும் ஒன்று பூட்டினீர்கள், நினைவிருக்கும். வெளியில் ஓடுகிற மெசினுக்கு அதனால் ஒரு கெடுதியும் இல்லை.

இனிப் பிணை. உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனாலும் வரிசையாகச் சொல்வது என் தொழில் பழக்கம். குடாநாட்டை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமென்றால் உறவில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பி வரும்வரை பிணை நின்றவர் எங்கும் போக முடியாது. கதிரவேலு இரண்டு கிழமையில் வருகிறேன் என்று சொல்லிக் கொழும்புக்குப் போனான். பிணை நின்றவர் அவனுடைய தகப்பன், என் மாமனார் ஏரம்பர். கதிரவேலு கொழும்பிலிருந்து நேரே கனடாவுக்கு ஏறிவிட்டான். மாமாவுக்குச் சலரோகம், சீனி கூடிக் கால் அழுகத் தொடங்கியது, கொழும்புக்குக் கொண்டுபோனால் காப்பாற்றலாம் என்றார்கள். பாஸ் கொடுக்கவில்லை. மகன் வரட்டும், பிறகு போகலாம் என்றார்கள். பின்வீட்டில் கட்டிலில் கிடந்து, அந்தக் காலோடேயே செத்தார். நான்தான் தினமும் கட்டு மாற்றினேன். அந்த மணம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

இந்த ஆனியில் பஞ்சலிங்கத்தின் முறை. தம்பியை அங்கே கூப்பிடக் கதிரவேலு கனடாவிலிருந்து பொன்சர் செய்திருந்தான். விசா நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்புக்கு வரவேண்டும். மாமியின் பெயரைப் பிணைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வயது போன மனுசி, வேறு ஆளைக் கொண்டுவாருங்கள் என்று பாஸ் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமி என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்கள்தான் நிக்கவேணும். எங்களுக்கு வேறை ஆர் இருக்கினம்?"

நான் "ஓம் மாமி" என்றேன்.

பஞ்சலிங்கம் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அத்தான், பரீட்சை முடிஞ்ச உடனை திரும்பி வந்திடுவன். விசா வாறதுக்கு எவ்வளவு காலம் எடுக்குமோ. வெங்காயம் கிண்ட நான் இஞ்சை நிக்கவேணும். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ." கதிரவேலுவும் இதைத்தான் சொன்னான். வெங்காயத்துக்குப் பதிலாகப் புகையிலை என்று சொன்னான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆடியில் குணலட்சுமி பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். இருதய வால்வில் கோளாறு என்றார் டொக்டர். இங்கே செய்ய முடியாது, கொழும்பில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், இந்த வருடம் முடிவதற்குள் செய்தால் நல்லது, பிந்தினால் தான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றார். பதினாறு வயதுப் பிள்ளை. படியேறினால் நின்று மூச்சு வாங்குவாள். நாங்கள் பார்க்கிறோம் என்று தெரிந்தால் சிலிப்பர் வாரைச் சரிசெய்வது போல நடிப்பாள்.

நான் பாஸ் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே மேசையில் இருந்தவர் மரியாதையான பெடியன், என்னிடம் படித்தவனின் தம்பி. "மாஸ்டர், நீங்கள் பஞ்சலிங்கத்துக்குப் பிணை நிக்கிறியள். அவர் போட்டுத் திரும்பி வரட்டும். பேந்து உங்களுக்குத் தாறம்" என்றார். அவன் ஆவணி முடிவில்தான் போகப்போகிறான். திரும்பி வருவான் என்று நான் நம்பவில்லை. சும்மா ஒரு கதைக்கு, போக முதல் அந்த ஆளுக்கு ஏதும் நடந்தால் பிணை என்னவாகும் என்று கேட்டேன்.

"செத்த ஆளுக்கு என்னத்துக்கு மாஸ்டர் பாஸும் பிணையும்?" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

செல்வநாயகி அதைவிட இலேசான வழி ஒன்று சொன்னாள். தானே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். அவளுக்குப் பிணை நிற்க அவளுடைய சித்தப்பா இருந்தார். வவுனியாவுக்கு வந்து கூட்டிப்போக ஒன்றுவிட்ட தங்கை இருந்தாள். நான் மறுத்தேன். செல்வநாயகிக்குச் சிங்களம் தெரியாது. கிளாலிக் கடலில் வள்ளத்தில் ஏறினால் தலைசுற்றும். ஆஸ்பத்திரியில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். நான் பேராதனையில் படித்தவன், சிங்களமும் கொழும்பும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. தகப்பன் இருக்கும்போது பிள்ளையை வேறு யார் கொண்டுபோவது? குணலட்சுமிக்காகத்தான் சொன்னேன். எனக்காகச் சொல்லவில்லை.

மனதில் இருந்ததை மறைக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் போய்விடுவார்கள், பஞ்சலிங்கமும் போய்விடுவான், மாமியும் நானும் அந்த வளவில் மிஞ்சுவோம். குண்டு விழும்போது பதுங்குகுழிக்குள் மாமியும் நானும். பிறகு ஒருநாள் என் காலும் அழுகும். கட்டு மாற்ற ஆள் இருக்காது. இப்படி நினைத்தால் நெஞ்சு அடைக்கும். எழுந்து வெளியே போய் நிற்பேன். வெளியே என்றால் எங்கே? வளவுக்கு வெளியே இணுவில், இணுவிலுக்கு வெளியே ஆமிக்காரனும் கடலும்.

பஞ்சலிங்கம் ஒருநாள் கேட்டான். அதையும் சொல்லிவிட வேண்டும். வாய்க்கால் வெட்டிக்கொண்டு நின்றவன் மண்வெட்டியை ஊன்றிவிட்டு, "அத்தான், குணத்தைக் கொண்டு கொழும்புக்கு நீங்கள் போகவேண்டி வருமெல்லோ? என்ரை பிணை உங்களுக்கு இடைஞ்சலோ?" என்றான்.

"ஒரு இடைஞ்சலும் இல்லை. நீ போட்டு வா" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். "உண்மையாவோ?"

"உண்மையாத்தான்."

கண்ணுள்ளவனுக்குத் தெரியாதா? எனக்கு வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் இல்லை, விதானையார். பிச்சை மாதிரி நின்று கேட்டு, அவன் பெருமனதோடு தந்து, அதை மாமி ஊரெல்லாம் சொல்லித் திரிய வேண்டுமா? அவனாக விட்டிருக்க வேண்டும். விடவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

இந்த வருடம் கோடை கடுமை. தண்ணீர் அடியில் போய்விட்டது. மேலே நின்றால் மெசின் இழுக்காது என்று, பஞ்சலிங்கம் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் இருக்கிற கல்லுக் கட்டில் மெசினை இறக்கிவிட்டான். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் எல்லோரும் செய்வதுதான். அப்படி இறக்கினால் புகைக்குழாயோடு ஒரு நீட்டுக் குழாய் பூட்டிக் கிணற்று வாய்க்கு மேலே விட வேண்டும். இதுவும் எல்லோருக்கும் தெரியும். இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்குவான். மேலே ஒருவர் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் இழுக்க வேண்டும். அதனால்தான் எங்கள் ஊரில் கிணற்றடியில் நின்று ஆட்கள் ஒன்றுமில்லாத கதையெல்லாம் கத்திக் கதைப்பார்கள்.

அவன்தான் கேட்டான். இதை நீங்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். நானாகப் போகவில்லை.

"அத்தான், உந்த மெசின் ஒவ்வொரு நாளும் அரைப் போத்தில் பெற்றோலைக் குடிச்சுப்போட்டுத்தான் எழும்புது. உங்கடை தகரம் ஒண்டு இதுக்கும் போட்டுத் தாங்கோ."

செய்து கொடுத்தேன். நல்ல தகரம், கவனமாகச் செய்தேன். தகரத்தைப் பூட்டினால் புகை அதற்குள்ளால் சுற்றி மெசினுக்குப் பக்கத்திலேயே வெளியே வரும். நீட்டுக் குழாய் அதில் பொருந்தாது. பொருந்த வைக்க இடையில் ஒரு மூட்டுத் துண்டு வேண்டும். அதையும் செய்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. அந்தத் துண்டு என் மேசை லாச்சிக்குள் இருந்தது.

நீட்டுக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பஞ்சலிங்கம், "அப்ப இது வேண்டாமோ?" என்று கேட்டான்.

"தகரம் சூட்டையெல்லாம் எடுத்துப்போடும்" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தகரம் சூட்டை எடுத்துவிடும். சூடு போன புகை மேலே எழும்பாமல் கீழேதான் தேங்கும். அதற்குள் இருக்கிற நஞ்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். அவன் அந்த வகுப்பில் இருக்கவில்லை. குழாயைப் பூவரசமரத்தோடு சாத்தி வைத்துவிட்டான். நான் சொன்னால் அவனுக்கு வேதவாக்கு.

அன்று காலை நல்ல வெளிச்சம். காற்று அடங்கிக் கிடந்தது. அவன் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். மறுநுனி துலாக்காலில் கட்டியிருந்தது. நான் கிணற்றுக் கட்டில் கை ஊன்றி நின்றேன். மெசின் ஒரே இழுவையில் எழும்பியது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அத்தான், சும்மா பூனைக்குட்டி மாதிரி இருக்குது!"

"சூடேறட்டும், அவசரப்படாதே. நான் சொல்லேக்கை மாத்து."

கதைத்துக்கொண்டே இருந்தோம். கனடாப் பனியைப் பற்றிக் கேட்டான். பனி என்றால் எவ்வளவு உயரத்துக்குக் கிடக்கும் என்று கேட்டான். ஆள் உயரத்துக்கும் கிடக்கும் என்றேன். அதில் வெங்காயம் நட ஏலுமோ என்று கேட்டுத் தானே சிரித்தான். மண்ணெண்ணெய்க்கு மாற்றச் சொன்னேன், மாற்றினான். மெசின் கொஞ்சம் விக்கியது. "விட்டிட்டு ஏறாதே, நிண்டுபோடும். பக்கத்திலேயே நில்" என்றேன். நின்றான். பிறகு தலை இடிக்கிறது என்றான். காலையில் சாப்பிடாமல் இறங்கினால் அப்படித்தான் என்றேன். பிறகு, "நித்திரை வருது அத்தான்" என்றான். கல்லுக் கட்டில் குந்திக்கொண்டான். "எப்பன் பொறு, முடியப்போகுது" என்றேன். "ஓம்" என்றான். அந்த ஓமுக்குப் பிறகு நான் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை.

கயிறு என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் முத்துக்குமாருவும் அவருடைய ஆட்களும் மிளகாய்க் கன்றுக்கு மண் அணைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கூப்பிடு போதும். வேலி பாய்ந்து வந்திருப்பார்கள். நான் கூப்பிடவில்லை. எனக்கு அப்போது நெஞ்சு அடைக்கவில்லை. அந்த இரண்டு மாதத்தில் முதல்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. வீணாக்கக் கூடாதே என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், பாத்தி பாத்தியாக வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டினேன். எல்லாப் பாத்தியும் நிறைந்தது. எண்ணெய் முடிந்து மெசின் தானாக நின்றபோது கிணற்றடிக்கு வந்து பெயரைச் சொல்லிக் கத்தினேன். முத்துக்குமாரு ஓடிவந்தார். மிச்சம் நீங்கள் பார்த்ததுதான்.

செத்தவீட்டில் நான் அழுதது நடிப்பு என்று நினைக்காதீர்கள். மனதார அழுதேன். பூனைக்குட்டி மாதிரி இருக்குது என்று சொன்னது திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே, இனிக் குணலட்சுமியைக் கொண்டுபோகலாம் என்ற நினைப்பும் கூடவே இருந்தது. ஒரு தகப்பனுக்கு இரண்டும் இருக்கும்.

உடனே போக முடியவில்லை. துடக்கு வீடு, சாவுத் தீட்டு. அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை முப்பத்தொரு நாள் வெளிக்கிடக் கூடாது. செல்வநாயகி தன் சோகத்துக்குள்ளும் கேட்டாள்: "பிள்ளையின்ரை உயிரைவிடத் துடக்குப் பெரிசோ? நான் நாளைக்கே கொண்டு போறன்." நான் சம்மதிக்கவில்லை. கூடப்பிறந்தவனின் கடமை முடியாமல் பெண்பிள்ளை ஊரைவிட்டுப் போனால் சனம் என்ன கதைக்கும்? முறை என்று ஒன்று இருக்கிறது. முறையை நான் ஒருநாளும் மீறியதில்லை.

அந்தியேட்டி முடிந்த அடுத்த நாள் நீங்கள் எழுதித் தந்த மரணப் பத்திரத்தைக் கொண்டு பாஸ் அலுவலகத்துக்குப் போனேன். பிணையை எடுத்துவிட்டு எனக்கும் மகளுக்கும் பாஸ் தரும்படி கேட்டேன். அந்தப் பெடியன் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாஸ்டர், உங்கடை பேர் பிணையிலை இல்லையே."

"நான்தானே நிண்டனான்?"

"நிண்டனீங்கள்தான். சாகிறதுக்கு ஒரு கிழமைக்கு முதல் பஞ்சலிங்கம் வந்து உங்கடை பேரை எடுத்துப்போட்டு, தாயின்ரை பேரைப் போடச்சொல்லி நிண்டவர். வயது போன மனுசி, ஏலாதெண்டு சொன்னம். ஆள் எழும்பேல்லை. காலமை வந்து குந்தினவர், பின்னேரம் மட்டும் வாசல்லையே இருந்தார். 'என்ரை மருமேளுக்குச் சுகமில்லை, அத்தான் கொண்டுபோக வேணும்' எண்டு ஒரே கதை. கடைசியிலை எங்கடை பெரியவர் பாவம் பார்த்து மாத்திக் குடுத்தவர். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

வீட்டுக்கு வந்து மாமியைக் கேட்டேன். மாமி விளக்குக்கு முன்னால் இருந்தார். ஓம் என்றார்.

"அவன்தான் தம்பி உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவன். அத்தான் ரோசக்காரர், தனக்காக மாத்தினதெண்டால் மனம் நோவார் எண்டான். குணத்துக்கும் உங்களுக்கும் பாஸ் எடுத்துத் தன்னோடையே கூட்டிக்கொண்டு போறதெண்டுதான் இருந்தவன். உங்கடை கையிலை பாஸைக் குடுக்கேக்கை சொல்லுவம் எண்டு சிரிச்சவன்."

நான் திரும்பவும் விண்ணப்பித்தேன். பாஸ் வருவதற்குள் ஐப்பசியில் சண்டை தொடங்கியது. பிறகு ஒரே நாளில் எங்கள் வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டு எழும்பி மழைக்குள் நடந்தது உங்களுக்குத் தெரியும். நாவற்குழிப் பாலத்தில் குணலட்சுமியை நான் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். இப்போது பக்கத்து வகுப்பறையில் இரண்டு வாங்குப் பலகையைச் சேர்த்துப் படுக்கவைத்திருக்கிறோம். உதடு நீலம் பாரித்துவிட்டது. வள்ளத்தில் ஏற்றினால் பாதிவழியில் உயிர் போய்விடும், இனி அசைக்க வேண்டாம் என்று முகாமுக்கு வந்த டொக்டர் சொல்லிவிட்டார்.

ஆகவே அந்த விபத்து என்ற சொல்லை நீங்கள் வெட்டிவிடலாம். பஞ்சலிங்கத்தைக் கொன்றது நான்தான். தகரத்தைச் செய்தது நான், மூட்டுத் துண்டை லாச்சிக்குள் வைத்தது நான், கயிற்றை இழுக்காமல் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டப் போனதும் நான். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் நியாயமான மனிதர், யோசித்துப் பாருங்கள். அன்று காலை எவ்வளவு நேரம் என்னோடு கதைத்துக்கொண்டு நின்றான். பனியைக் கதைத்தான், வெங்காயத்தைக் கதைத்தான். பிணையை மாற்றிவிட்டேன் அத்தான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அப்போதே அவனை மேலே கூப்பிட்டிருப்பேன், அவனும் இருந்திருப்பான், பிள்ளையும் இந்நேரம் சுகமாகி வந்திருப்பாள். அந்த ஒரு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு செத்துப்போனான். குணலட்சுமி இப்படிக் கிடப்பதற்குப் பொறுப்பு அவன்தான், விதானையார். என்றாலும் செத்தவனை நான் ஒருவரிடமும் குறை சொன்னதில்லை.